பங்குனி வெயிலும் பிள்ளைகளின் கண்ணும்

பங்குனி பிறந்ததும் எங்கள் குழந்தைகள் கண் பிரிவில் இரண்டு விதமான கூட்டம் சேரும். ஒன்று, முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது "போர்டு மங்கலா தெரியுது" என்று வரும் பிள்ளைகள். இன்னொன்று, புறங்கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே நுழையும் பிள்ளைகள். முதல் கூட்டத்துக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, சீட்டின் அடியில் "தினமும் 2 மணி நேரம் வெளியே" என்றும் எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "மதுரை வெயில்ல எங்க டாக்டர் விடுறது?" இரண்டாம் கூட்டத்தின் கேள்வி நேர் எதிர்: "இனிமே வெளியவே விடக்கூடாதா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஓபி நேரத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

போர்டு மங்கலாகத் தெரியும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இருப்பது கிட்டப்பார்வை. அது பெரும்பாலும் கண் நீண்டுபோவதால் வருவது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே கண்ணாடியின் பவர் சுமார் மைனஸ் 2.5 வரை போய்விடும். பிள்ளை உயரமாக வளர்கிற வயதில்தான் கண்ணும் நீள்கிறது. நீள்வதை எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று வெளிச்சம். பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கண் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் விளக்கம்.

பச்சையைப் பார்த்தால் கண் குளிரும், தூரத்தைப் பார்த்தால் பவர் குறையும் என்றெல்லாம் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். தூரம் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான மருந்து வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். நல்ல டியூப்லைட் போட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். நடுப்பகல் திறந்தவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வேப்பமர நிழலில் உட்கார்ந்தாலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வெயிலில் காய வேண்டியதில்லை, கூரைக்கு வெளியே இருந்தால் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதை நன்றாகக் காட்டிய ஒப்பீடு ஒன்று 2008இல் வெளியானது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், வயது ஆறு ஏழு. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் படித்தது குறைவா என்றால், கூடுதலாகவே படித்தார்கள். வித்தியாசம் வெளியே இருந்த நேரத்தில்தான்: வாரத்துக்கு 14 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக சிட்னிப் பிள்ளைகள், 3 மணி நேரம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள். அடுத்து சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளி வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல் உள்ளே இருந்தவர்களில் 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு அது. தைவான் 2010 முதலே தினமும் 120 நிமிடம் வெளியே என்பதைப் பள்ளித் திட்டமாக வைத்திருக்கிறது. நம் ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வந்துவிட்ட பவரை வெயில் எடுத்துவிடாது. கண்ணாடி போட்ட பிள்ளை போட்டுக்கொண்டேதான் விளையாட வேண்டும். வெளியே இருப்பதன் பெரிய பலன், கிட்டப்பார்வை வராமல் இருக்கவும், வருவதைத் தள்ளிப்போடவும்தான். ஏழு வயதில் தொடங்குகிற கிட்டப்பார்வையும் பன்னிரண்டில் தொடங்குகிற கிட்டப்பார்வையும் ஒன்றல்ல. முன்னே தொடங்கினால் ஏறுவதற்கு அத்தனை ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும்.

சரி, இரண்டு மணி நேரம் வெளியே இருந்து என்ன செய்வது? பெற்றோர் திணறுவது இங்கேதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் வண்டி, மொட்டை மாடியில் பூட்டு, அடுக்குமாடி வாசலில் கார்கள். பூங்காவுக்குக் கூட்டிப்போனால் ஊஞ்சலில் கால் மணி நேரம், அப்புறம் "அம்மா போன் தா". பிள்ளைக்கு வெளியே இருக்கப் பழக்கமில்லை. நமக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. அதனால்தான் நான் இப்போதெல்லாம் இயற்கை நடைகளைப் பரிந்துரைக்கிறேன். விஷயம் தெரிந்த ஒருவர் முன்னே நடக்க, நான்கைந்து குடும்பங்கள் பின்னே போகிற நடை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் கண்ணைக் காப்பாற்றிவிடாது. எப்படி நிற்பது, எதைப் பார்ப்பது என்று அந்த நடை கற்றுக்கொடுத்தால், மிச்சம் ஆறு நாளும் வீட்டுப் பக்கத்திலேயே நேரம் போகும். எனக்கு வேண்டியது அதுதான். மே மாதம் மூன்று நாள் கொடைக்கானல் போவதை இதற்கு ஈடாகக் கணக்குக் காட்டாதீர்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. 2010 முதல் பசுமை நடை என்ற குழு சுற்றியுள்ள சமண மலைகளுக்கு மக்களை அழைத்துச் செல்கிறது. கல்வெட்டும் சிற்பமும் பார்க்கப் போகும் நடைதான் அது. ஆனால் கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் கடந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு, வரலாறு கொஞ்சம் காதில் விழும், காலை வெளிச்சம் முழுசாகக் கண்ணில் விழும். மேலூர்ப் பக்கம் போனால் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஊர். வல்லூறுகளும் கழுகுகளும் பாறை முகட்டில் வட்டமிடும். பைனாகுலர் இல்லாமலே அண்ணாந்து பார்க்க நிறைய இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் சிறிய குழுவாகப் பாருங்கள். நிறைய தூரம் நடத்துபவரைவிட ஒரே மரத்தடியில் இருபது நிமிடம் நிறுத்துபவர் நல்ல வழிகாட்டி. இந்தப் பருவத்தில் கூடு கட்டும் பறவைகள் உண்டு. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பவர், படத்துக்காகக் கூட்டருகே போய்க் கிளையை விலக்குபவர் என்றால் அந்த நடைக்கு மறுமுறை போக வேண்டாம். பிள்ளைகள் அதையும் கற்றுக்கொள்வார்கள்.

நான் போன நடை ஒன்றில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், புதுக் கண்ணாடி. அரசமரத்தின் உச்சியில் செம்மார்புக் குக்குறுவான் கத்திக்கொண்டிருந்தது. செம்புப் பாத்திரத்தில் சுத்தியல் தட்டுவதுபோல ஒரே தாளத்தில் டுங்க், டுங்க் என்று விடாமல் கேட்கும். பறவை சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை உடம்பு, பச்சை இலைகளுக்கு நடுவே. பையன் மரத்தைச் சுற்றிவந்தான், கையைக் குவித்துப் பார்த்தான், தரையில் மல்லாந்தான். பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இலையில்லாத ஒரு குச்சி நுனியில் அந்தச் சிவப்பு நெற்றியை அவன்தான் கண்டுபிடித்தான். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் விரல் நீட்டிக் காட்டினான். அடுத்த மரத்தில் முசுறு எறும்புகள். ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்பைப் பிடித்து இழுத்துச் சேர்க்க, வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டுகின்றன. கடிக்கும் என்று எச்சரித்தும் மூக்கு நுனி வரை போய்விட்டான். மணி எட்டரை ஆனது அவனுக்குத் தெரியவே இல்லை. போனைப் பிடுங்கிவிட்டு "போய் விளையாடு" என்றால் இது நடக்காது.

வார நாட்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம் போதும். பங்குனியில் புங்கன் துளிர்த்து நிற்கும். வேம்பு பூத்துக் கொட்டும். சித்திரையில் சரக்கொன்றை. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கடையில் வாங்காதீர்கள். விடியற்காலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டு, பிள்ளையைக் கொண்டு பூவைப் பொறுக்கச் சொல்லுங்கள். சருகு தனி, காம்பு தனியாகப் பிரித்து நிழலில் உலர்த்த இரண்டு மூன்று காலை போய்விடும், அடுத்த வருஷம் வரை ரசத்துக்கும் ஆச்சு. அப்பத்தா, அம்மாச்சி வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நம்மைவிட நல்ல வழிகாட்டிகள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களே குறித்து அனுப்பும் சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தைப் பதிந்துகொண்டு வாராவாரம் துளிர், பூ, காய் எவ்வளவு என்று குறித்து அனுப்பலாம்.

நேரம்: காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலே முக்காலுக்கு மேல். காலை ஏழு மணி வெளிச்சமே வகுப்பறையைப்போலப் பல மடங்கு. இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, பள்ளிக்கு நடந்து போவதும் இதில் சேரும். தொப்பி போட்டால் பலன் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள். தண்ணீர், மூடிய செருப்பு, பருத்திச் சட்டை. போதும்.

இனி அந்த இரண்டாம் கூட்டம். கடும் அரிப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், வெள்ளை நூல்போல இழுபடும் பீளை, வெள்ளை விழி லேசாகப் பழுப்பேறுவது. ஐந்து வயதுக்கு மேல், அதிலும் பையன்களுக்கு அதிகம். வெயில் ஏறும்போது கூடும் இதை வசந்தகாலக் கண் ஒவ்வாமை என்கிறோம். தொற்று இல்லை, ஒட்டாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்ம வயது முடிவதற்குள் தணிந்துவிடும். அதுவரை அவர்களை வீட்டில் அடைத்துவைப்பது தீர்வு அல்ல. முன்விளிம்புள்ள தொப்பி, பக்கமும் மூடிய கூலிங் கிளாஸ், தூசி குறைந்த காலை நேரம், வீடு திரும்பியதும் முகம் கழுவி உடை மாற்றல், அரித்தால் சுத்தமான ஈரத் துணியில் ஐஸ் சுற்றி மூடிய கண்ணில் ஒத்தடம். கசக்கவே கூடாது. ஆண்டுக்கணக்கில் கசக்கிய கண்ணில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்துவிடும், பிறகு கண்ணாடியாலும் தெளிவு கிடைக்காது.

கசக்குவதைவிட எனக்குப் பயம் தருவது மருந்துக் கடைச் சொட்டுமருந்து. போன வருஷச் சீட்டைக் காட்டி, அல்லது சீட்டே இல்லாமல், ஸ்டீராய்டு கலந்த டிராப்ஸ் வாங்கி ஊற்றுகிறார்கள். ஒரே நாளில் அரிப்பு நிற்கிறது, சிவப்பு போகிறது. அதனால் நம்பிக்கை வந்து மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். அந்த மருந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றும். வலிக்காது, பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. பார்வை நரம்பு கெட்டபின் போன பார்வை திரும்பாது. புரையும் விழலாம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல, நானே தேவைப்படும்போது எழுதுகிறேன். எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, அழுத்தம் எப்போது பார்ப்பது என்று சொல்லித்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அந்தப் பாட்டிலை நீங்களாக வாங்காதீர்கள்.

வெளியே போனால் அடியும் படும். எருக்கம்பால் தெறித்தால் முதலில் வலி அதிகம் இருக்காது, பார்வை மங்கும். கள்ளிப்பால் எரியும். எதுவானாலும் அந்த இடத்திலேயே கையிலிருக்கும் குடிதண்ணீரால் கால் மணி நேரம் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். கம்பளிப்பூச்சி மயிர் பட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே ஏறும். முள்ளோ சருகோ குத்தியிருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். செடி கொடி கீறிய காயத்தில் பூஞ்சை சேர்ந்து கருவிழியில் புண் வைப்பது நம் தென்மாவட்டங்களில் சாதாரணம். மேலே சொன்ன ஸ்டீராய்டு அந்தப் புண்ணில் விழுந்தால் இன்னும் மோசம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் ஊற்ற வேண்டாம். நாக்கால் தூசி எடுப்பவரிடமும் போக வேண்டாம்.

அப்பா அம்மா இருவருமே கண்ணாடி போடுபவர்கள் என்றால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். ஜூனில் பள்ளி திறந்தபின் வரலாம் என்று தள்ளாமல் இந்த லீவிலேயே ஒருமுறை, கண்ணில் மருந்து விட்டுப் பாவை விரிய வைத்துப் பரிசோதிக்கக் கூட்டி வாருங்கள். மருந்து விட்ட அன்று கூச்சம் இருக்கும், நடையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.