காளானைக் கவிழ்த்துப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டியதும் வருகிறது அந்தக் காடு. நம் கடலோரத்தில் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் ஒன்று. காசாவும் வீரையும் உதிர்த்த சருகுக்கு நடுவே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய குடைகள் எட்டிப் பார்க்கும். கோயிலுக்கு வருபவர்கள் நாய்க்குடை என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை பழுப்பு நிறம், தண்டு மெல்லியது. மேலிருந்து ஒரு படம் எடுத்து இதன் பெயர் என்ன என்று கேட்டால், நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குடையின் மேல்புறம் நிலையானதல்ல. காலையில் ஈரத்தோடு கரும்பழுப்பாக இருக்கும் குடை, வெயில் ஏறியதும் வெளிறிப் போகும். மேலே ஒட்டியிருந்த செதில்களை ஒரு மழை கழுவிவிடும். அடையாளம் அடிப்புறத்தில் இருக்கிறது.

ஏன் என்பதற்குக் காளானின் வேலையைப் பார்க்க வேண்டும். பூஞ்சையின் உடல் சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் ஓடும் நுண்ணிய இழைகள்தாம். நாம் காண்பது, ஸ்போர் எனப்படும் வித்துகளைப் பரப்ப அது எழுப்பும் உறுப்பு. சிறு மொட்டாக இருக்கும்போதே அதன் செல்கள் பெரும்பாலும் உருவாகிவிடுகின்றன. மழை கிடைத்ததும் அவை நீரை உறிஞ்சி விரிகின்றன. ஒரே இரவில் முளைத்ததுபோலத் தோன்றுவது இதனால்தான்.

குடையைக் கவிழ்த்தால் தகடு தகடாகச் செவுள்கள் தெரியும். செவுளின் பரப்பெங்கும் நுண்ணிய காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பொதுவாக நான்கு வித்துகள். வித்தின் அடியில், காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு நீர்த்துளி திரள்கிறது. வித்தின் பக்கவாட்டிலும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிகிறது. துளி பெருத்துப் படலத்தைத் தொட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாகப் பாய்ந்து கலக்கின்றன. அந்தப் பாய்ச்சலின் விசையில் வித்து காம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை நுணுகி ஆராய்ந்த ரெஜினால்ட் புல்லரின் பெயரால் அது புல்லர் துளி என்றே வழங்குகிறது.

வித்து பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவுதான் இருக்கவும் வேண்டும். கூடினால் எதிர்ச் செவுளில் மோதி ஒட்டிக்கொள்ளும். இரு செவுள்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு வந்ததும் காற்று அதன் வேகத்தைத் தின்றுவிட, வித்து நேராகக் கீழே விழுகிறது. அதனால்தான் செவுள்கள் தூக்குக்குண்டு நூல் போலச் செங்குத்தாகத் தொங்குகின்றன. வளரும் காளானைச் சாய்த்து வைத்தால் தண்டு வளைந்து குடையை மறுபடி மட்டமாக்கிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த விழும் வித்துகளைத்தான் நாம் பிடிக்கப் போகிறோம். ஒரு வித்தின் நீளம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்; கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் குவிந்தால் நிறம் தெரியும். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மட்டும் என்றால் வெள்ளை வித்து மறைந்துவிடும். தண்டை நறுக்கிவிட்டு, செவுள் தாளில் படும்படி குடையை வையுங்கள். உச்சியில் ஒரு சொட்டு நீர் விட்டு, ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். காலையில் மெல்லத் தூக்கினால், நடுவிலிருந்து விரியும் ஆரக்கோடுகளாகச் செவுள்களின் அச்சு அப்படியே இருக்கும். விரலால் தொட்டால் பொடியாக ஒட்டும்.

வெள்ளை, இளஞ்சிவப்பு, துருப்பழுப்பு, சாக்லேட் பழுப்பு, கறுப்பு என்று பிரியும் இந்த நிறம்தான் முதல் கிளைப்பாதை. சுவீடனின் எலியாஸ் ஃப்ரைஸ் 1821இல் வெளியிடத் தொடங்கிய நூலிலேயே வித்தின் நிறத்தை வைத்துக் காளான்களைப் பிரித்தார். டிஎன்ஏ வந்தபின் அவர் வகுத்த குழுக்கள் பல கலைந்துவிட்டன. ஆனால் சருகின் முன் குந்தியிருப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன்.

அடுத்து லென்ஸ். பத்து மடங்கு பெருக்குவது போதும். குதிரைமயிர் போலக் கறுத்த தண்டும், மடிப்பு மடிப்பான ஊதாச் சிவப்புக் குடையுமாகச் சருகில் நிற்பது மராஸ்மியஸ் ஹீமட்டோசெஃபலஸாக இருக்கலாம். அதன் செவுள்கள் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத் தள்ளித் தள்ளி இருக்கும். வித்து வெள்ளை. சுருங்கிக் காய்ந்ததை நீரில் போட்டால் மறுபடி விரியும். பெரும்பாலான காளான்கள் இதைச் செய்வதில்லை. அது நின்ற இலையையும் சேர்த்து எடுங்கள். மக்கவைக்கும் இழைகள் ஓடிய இடம் வெளுத்திருப்பது தெரியும்.

கரையான் இருக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு வெள்ளைக் குடைகள் பரவினால் டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்பஸை நினைக்கலாம். கரையான்கள் புற்றுக்குள் உணவுக்காக வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்து போட்ட துணுக்குகளில் அது முளைக்கிறது. குடை வெள்ளை, ஆனால் வித்து இளஞ்சிவப்பு. இதே பேரினத்தின் பெரிய வகைகளில், தண்டு வேர்போல நீண்டு மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும். டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற தென்னிந்திய இனத்தை 1979இல் விவரித்துப் பெயரிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன்.

எனவே காளானைப் பறிக்காதீர்கள், கத்தியால் அடியோடு நெம்பி எடுங்கள். அமானிட்டா இனங்கள் பலவற்றின் அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற உறை, பறித்தால் மண்ணிலேயே தங்கிவிடும். நச்சுக்காளான்களில் மிகக் கொடியவை சில அந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வித்தின் நிறம் பெயரை நோக்கி அழைத்துப் போகும். தின்னலாமா என்பதைச் சொல்லாது. வெள்ளி நாணயம் கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் விஷமில்லை என்பதெல்லாம் பொய். அமடாக்சின் என்ற நஞ்சு சமைத்தாலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் குணமானதுபோலத் தோன்றும். அதற்குள் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். சிறிய லெபியோட்டாக்கள் சிலவற்றிலும், துருநிற வித்துடைய கோனோசைபிகள் சிலவற்றிலும் இந்த நஞ்சு உண்டு. இரண்டும் விரலளவுக் காளான்கள். சாப்பிட்ட பின் சந்தேகம் வந்தால், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இவ்வளவு செய்தும் பேரினத்தோடு நின்றுவிடுவதே வழக்கம். அது தோல்வியல்ல. உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது 2017இல் வெளியான மதிப்பீடு. பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான். மேலே போக நுண்ணோக்கி வேண்டும், அல்லது டிஎன்ஏ. ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதியைப் பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக 2012இல் முன்மொழிந்தார்கள். அந்தச் சோதனைக்கு நன்றாகக் காய்ந்த சிறு துண்டே போதும். காளானைக் காற்றோட்டமான நிழலில் சுக்காக உலர்த்தி, வித்து அச்சு பதிந்த தாளோடு காகித உறையில் போடுங்கள். தேதியையும் இடத்தையும், பண்ருட்டி முந்திரிச் சருகா, கடலூர்ச் சவுக்குத் தோப்பா, பட்டுப்போன கட்டையா என்பதையும் உறைமேல் எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மறுநாளே அழுகிவிடும்.