சோலார் சார்ஜிங் ஸ்டேஷன்: விதி என்ன சொல்கிறது, கூரை எவ்வளவு தரும்

மின் வாகனங்களுக்கு சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க லைசென்ஸ் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது மின்சாரத்தை விற்பது ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் 2003 மின்சாரச் சட்டத்தின்படி உரிமம் தேவையில்லை, தனி ஆளும் வைக்கலாம். பாதுகாப்பு, தொழில்நுட்பத் தர விதிகளுக்கு மட்டும் உட்பட வேண்டும்.

சோலாரை நினைப்பவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டியது 2024 செப்டம்பரில் அதே அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல். காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய நேரம். அப்போது ஸ்டேஷன் எடுக்கும் மின்சாரத்துக்கு விநியோக நிறுவனத்தின் சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை உங்களிடம் சேர்க்க அதற்கு ஆகும் சராசரி செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. சராசரி 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சூரிய நேரத்தில் யூனிட் 5.60, மற்ற நேரத்தில் 10.40. இது 2028 மார்ச் வரைக்கும். ஆனால் உங்கள் பில்லில் வரப்போவது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போடும் கட்டணம்தான், அந்த ஆணையை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

சரி, கூரைக்கு வருவோம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. 10 கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர மீட்டர் வேண்டும், நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 40 யூனிட் போலக் கிடைக்கும். 50 கிலோவாட் வேகச் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால் ஒரே மணி நேரத்தில் 50 யூனிட்டை இழுத்துவிடும்! அதனால் வெறும் பேனலை நம்பி வேகச் சார்ஜர் வைக்காதீர்கள், மின் இணைப்பும் கூடவே இருக்கட்டும். அலுவலகம் மாதிரி வண்டிகள் பகல் முழுக்க நிற்கும் இடமாக இருந்தால் 3.3 கிலோவாட் மெதுச் சார்ஜர் இரண்டு மூன்று போதும், வெயில் வரும் நேரமும் வண்டி நிற்கும் நேரமும் ஒத்துப்போகும், சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிச் செலவும் மிச்சம்.

10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு (மின் கட்டமைப்பு அதைத் தாங்குமா என்ற சோதனை) தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். புது மின் இணைப்பு பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாளில் தர வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். ஆனால் புதுக் கம்பி இழுக்கவோ டிரான்ஸ்ஃபார்மர் மாற்றவோ வேண்டியிருந்தால் இந்தக் கெடு பொருந்தாது. அதனால் இடத்தைக் குத்தகைக்கு எடுக்கும் முன்பே பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு லோடு மிச்சம் இருக்கிறது என்று மின் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.