பழைய யெஸ்டியின் புகை எங்கிருந்து வருகிறது?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய பைக்குகள் கூடும் இடத்தில் ஜாவா, யெஸ்டி நின்றால் கூட்டம் டேங்க் பளபளப்பைத்தான் பார்க்கும். வாங்குகிற எண்ணம் இருந்தால் சைலன்சர் பக்கம் போய் நிற்பது நல்லது.

மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான வண்டிகள் இவை. 250 சிசி இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 65 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75 மி.மீ. டூ ஸ்ட்ரோக் என்பதால் பிஸ்டனுக்கு அடியில் கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸே பம்ப் வேலை பார்க்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அடியில் அழுத்தம் குறைந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். இறங்கும்போது அந்தக் கலவை அழுந்தி, சிலிண்டருக்குள் பாயும். ஆகவே கிராங்க் கேஸில் எங்கும் கசிவு கூடாது. கிராங்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்தான் காவல்.

இடப்பக்கச் சீலுக்கு வெளியே கிளட்ச், கியர் ஆயில். சீல் விறைத்துவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் கியர் ஆயில் உள்ளே போய் எரியும். வண்டி சூடான பிறகும் வெண்புகை அடர்ந்து வந்து, கியர் ஆயில் அளவும் குறைகிறதென்றால் இதுவே காரணம். பெட்ரோலில் கலக்கும் டூ-டி (2T) ஆயிலால் ஆரம்பத்தில் வரும் புகை வேறு. அது சில நிமிடத்தில் மெலிந்துவிடும்.

வலப்பக்கம் டைனமோ. அங்கே கசிந்தால் புகையே இருக்காது, ஆபத்து அதிகம். வெறும் காற்று புகுந்து, கலவையில் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். ஆக்சிலரேட்டரை மூடிய பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கினால் முதலில் கேபிளைப் பாருங்கள், அடுத்த சந்தேகம் இந்தச் சீல்.

தார்ப்பாயில் பரப்பிய உதிரிபாகங்களில் சிலிண்டர் எடுப்பவர் ஒரு பிஸ்டன் ரிங்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பில்லர் கேஜும் கையில் வைத்திருக்க வேண்டும். அதே அளவு ரிங்கை உள்ளே விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, அதன் வாய் இடைவெளியை அளக்கவும். முதலில் ரிங் தேயாத அடிப்பகுதியில், பிறகு மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே. வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தின் தேய்மானம் கிடைக்கும். அடியில் 0.25, மேலே 0.56 என்றால் தேய்மானம் கிட்டத்தட்ட 0.1 மி.மீ.; சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் (போர் அடிக்கும்) செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

கிராங்க் கிடைத்தால் அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கவும். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் லேசாக அசைந்தால் பரவாயில்லை.

கம்பெனி பாக்கெட் பிரியாத பழைய ஆயில் சீல் என்று காட்டினால் ஆசைப்பட வேண்டாம். ரப்பர் பாக்கெட்டுக்குள்ளேயே விறைத்திருக்கும்; புதிதாகச் செய்த சீலே மேல். பிஸ்டன், கியர் போன்ற உலோகச் சாமான்களை, துருப் பிடிக்காதிருந்தால், தயங்காமல் வாங்கலாம்.