நாற்பது மீட்டர் உயரத்தில் பதர்

வொல்லமை பைன் விதை வேண்டுமென்றால் மரத்தடியில் காத்திருந்து பயனில்லை. விதை தாங்கும் பெண் கூம்புகள் உச்சிக் கிளைகளின் நுனியில் காய்ப்பவை. மரமோ 40 மீட்டர் வரை வளரும், அதுவும் செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்குக்குள். அதனால் ஆரம்பத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ஆளைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கூம்புகளைப் பறித்தார்கள்.

1994இல் சிட்னிக்கு வடமேற்கே வொல்லமை தேசியப் பூங்காவில் டேவிட் நோபிள் என்ற பூங்கா ஊழியர் கண்ட மரம் இது. காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. அவை நிற்கும் இடம் இன்றும் ரகசியம். நம் வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கிறோமே, அந்த அரோகேரியாவும் இதுவும் ஒரே குடும்பம்.

ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில் உண்டு: ஆண் கீழே, பெண் மேலே. மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுசேர்க்க வேண்டும். சேர்ந்த பிறகும் விதை முற்ற ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகும். முந்திப் பறித்தால் கரு முற்றியிருக்காது. பிந்தினால் கூம்பு மரத்திலேயே செதில் செதிலாகக் கழன்று, காகிதம் போல் மெல்லிய சிறகுள்ள விதைகள் காற்றோடு போய்விடும். கூம்புக்கு வலை கட்டி, தானாக உதிர்வதைப் பிடிப்பதே மேல். முற்றிவிட்டதா என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, மரமே சொல்லிவிடும்.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பதர்! பத்தில் ஒன்று முளைத்தாலே பெரிது. கருவில்லாத விதையும் வெளியே பார்க்க நல்ல விதை மாதிரியே இருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் நடுப்பகுதி தட்டையாக அமுங்கிவிடும். கரு உள்ளது உப்பலாக, கெட்டியாக நிற்கும்.

தேறிய விதைகளை ஈரமான வளர்ப்புக் கலவையில் கலந்து சில வாரம் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். குளிர்காலம் கழிந்தது என்று விதைக்குள் உறக்கம் கலைய அது உதவும். பிறகு நீர் தேங்காத மணற்பாங்கான கலவையில் விதைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒன்று சீக்கிரம் வரும், இன்னொன்று மாதக்கணக்கில் காக்கவைக்கும். தொட்டியைக் கவிழ்த்துக் கொட்ட அவசரப்படக் கூடாது.

நர்சரிக்காரர்கள் இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாமென்று கட்டிங் போட்டே, அதாவது கிளைத் துண்டை நட்டு வேர்பிடிக்க வைத்தே, கன்று உண்டாக்குகிறார்கள். விற்பனைக்கு அது போதும். ஆனால் கட்டிங் தாய்மரத்தின் அச்சு. இந்த மரங்களுக்குள் மரபணு வேறுபாடு ஏற்கெனவே மிக மிகக் குறைவு. 2005இல் காட்டு மரங்களில் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி தொற்றியிருப்பது தெரியவந்தது. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் அதன் அச்சுகளையும் அப்படியே வீழ்த்தும். விதையில் கொஞ்சமாவது மரபணுக்கள் கலைந்து சேர வாய்ப்புண்டு. கட்டிங்கில் அதுவும் கிடையாது.