தூண்டில்காரர் கடலுக்கு ஏன் போகிறார்?

இங்கிலாந்தின் தென்கரையில் கோடைக்கால மாலையில் நடந்தால், இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசுகிறவர்களைப் பார்க்கலாம். பலர் தேடி வருவது பாஸ் மீனை. (நம் ஊரில் சீபாஸ் என்று விற்கிறார்களே, அந்தக் கொடுவா வேறு இனம்.) இவர்கள் பிழைப்புக்காக மீன் பிடிப்பவர்கள் அல்ல. ஆளுக்கு ஒன்றிரண்டு மீன் எடுத்தால் கடலில் என்ன குறைந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் 2012 வாக்கில் மதிப்பிட்டபோது, ஆங்கிலக் கால்வாயையும் அதை ஒட்டிய கடல்களையும் சேர்த்துப் பிடிபட்ட பாஸில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பொழுதுபோக்குத் தூண்டில்களில் போயிருந்தது.

பாஸ் மெதுவாக வளரும் மீன். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வர 42 செ.மீ. அளவாவது வளர வேண்டும்; அதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும். சட்டமோ 36 செ.மீ. இருந்தாலே பிடிக்கலாம் என்றது. ஒரு முறைகூட முட்டையிடாத மீன்களையும் இத்தனை காலம் தட்டில் வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் குஞ்சுகளும் சரியாகத் தேறவில்லை. 2015இல், அப்போது இங்கிலாந்தும் சேர்ந்திருந்த ஐரோப்பிய ஒன்றியம் விழித்துக்கொண்டு குறைந்தபட்ச அளவை 42 செ.மீ. ஆக்கியது, தூண்டில்காரருக்கு ஒரு நாளைக்கு மூன்று மீன் என்று வரம்பு வைத்தது. 2016இன் முதல் ஆறு மாதங்களில் ஒரு மீனைக்கூட எடுத்துப்போகக் கூடாது, பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்றது.

சரி, இந்த விதிகள் எப்படி வேலை செய்யும்? மீனை எவ்வளவு அறிந்தாலும் இதற்கு விடை கிடைக்காது, மனிதரைப் படிக்க வேண்டும்.

ஏன் தூண்டில் போட வருகிறீர்கள் என்று கேட்டால், கடல் காற்று, அமைதி, நண்பர்களோடு கழியும் நேரம் என்றுதான் பலரும் முதலில் சொல்வார்கள். அமெரிக்காவில் ஃபெட்லர், டிட்டன் என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டு 1994இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான். அப்படியானால் மீனே கிடைக்காவிட்டாலும் பரவாயில்லையா? ஜெர்மனியின் மீன்வள ஆய்வாளர் ராபர்ட் அர்லிங்ஹவுஸ் 2006இல் இதற்குள் இருந்த முரணை எடுத்துக் காட்டினார். மீன் முக்கியமில்லை என்று சொல்கிறவர்களின் திருப்தியும் கடைசியில் மீன் கிடைத்ததா என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கியது. யோசித்தால் இதில் பொய் எதுவும் இல்லை. காற்றும் அமைதியும் கரைக்குப் போன எல்லா நாளும் கிடைக்கும். மீன் அப்படி இல்லை. எது நிச்சயமில்லையோ அதுதானே அன்றைய நாள் நல்ல நாளா இல்லையா என்று முடிவு செய்யும்.

யார் எதற்காக வருகிறார் என்ற வேறுபாடு தெரியாமல் விதி போட்டால் கணக்குத் தவறும். வீட்டுக்குக் குழம்பு மீன் வேண்டும் என்று வருகிறவர், எடுத்துப்போக முடியாது என்றானதும் வேறு மீனுக்குத் திரும்பலாம், வராமலே இருக்கலாம். தன் வாழ்நாளின் பெரிய மீனைத் தேடி வருகிறவருக்கு அந்த விதி பெரிதாகத் தெரியாது. பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுவார். அவர் நாள் முழுக்க நின்று இருபது மீன் பிடிக்கலாம், வரம்பையும் மீறியிருக்க மாட்டார். அந்த இருபதும் பிழைக்குமா? உதட்டில் தூண்டில் முள் தைத்த பாஸ் பெரும்பாலும் பிழைத்துவிடும். இரையோடு முள்ளை விழுங்கி, தொண்டையிலோ வயிற்றிலோ குத்திய மீனின் கதை வேறு. அதனால் எத்தனை மீன் எடுக்கலாம் என்பதைவிட எந்த முள்ளால் பிடிக்கிறார் என்பதே இவரிடம் முக்கியம். வட்டமாக வளைந்த சர்க்கிள் ஹூக் வாயோரத்தில் மாட்டும், உள்ளே போவது குறைவு.

மெக்சிகோ வளைகுடாவின் ரெட் ஸ்னாப்பர் மீனிடம் போனால் இன்னொரு கோணம் தெரியும். இது ஆழத்தில் வாழும் மீன். வேகமாக மேலே இழுத்தால் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே வெளியே தள்ளிவிடும். அப்படியே கடலில் விட்டால் கீழே இறங்க முடியாமல் மிதக்கும், பறவைக்கும் சுறாவுக்கும் இரையாகும். எடையோடு சேர்த்து ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி இப்போது இருக்கிறது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் சமைத்துச் சாப்பிடவே வருகிறார்கள். 2017இல் அமெரிக்க மத்திய அரசின் கடற்பகுதியில் சொந்தப் படகுக்காரருக்கு அந்த ஆண்டு முழுவதற்கும் முதலில் ஒதுக்கப்பட்டது மூன்றே நாள்! கிடைத்த நாளில் எல்லோரும் ஒரே மூச்சில் கடலுக்குப் பாயத்தானே செய்வார்கள்? எதிர்ப்பு வலுத்து, அப்புறம் 39 நாட்கள் கூட்டிக் கொடுத்தார்கள்.

நியாயமும் ஒரு மனக்காரணம்தான். பாஸ் விஷயத்தில் 2016இல் தூண்டில்காரர்கள் கொதித்ததற்கு, மீன் கிடைக்காமல் போனது மட்டும் காரணமல்ல. தங்களுக்கு ஆறு மாதம் ஒன்றுமே இல்லை. தூண்டிலாலோ நிலைவலையாலோ பிடிக்கும் வணிகப் படகு ஒவ்வொன்றுக்கும், இரண்டு மாதம் தவிர, மாதம் 1.3 டன் வரை அனுமதி. இப்படிப்பட்ட விதியை மனமுவந்து காப்பாற்று என்று யாரிடம் கேட்க முடியும்? ஆளில்லாக் கடற்கரையில் இரவில் நிற்பவரைக் கண்காணிக்க அதிகாரி இருக்க மாட்டார். அவர் மனம் ஒப்பினால்தான் விதி நடக்கும். அயர்லாந்து 1990இலேயே தன் படகுகளின் வணிகப் பாஸ் பிடிப்பை நிறுத்தி, அந்த மீனைத் தூண்டில்காரருக்கு என்றே விட்டது. அங்கே நாளுக்கு இத்தனை மீன்தான் என்ற கட்டுப்பாட்டைக் கேட்டால் அது எதற்காக என்று அவர்களுக்கே புரியும்.

ஒருவர் எதற்காகக் கடலுக்கு வருகிறார் என்பது, பிடிப்பைக் கணக்கிடும் எண்ணிக்கைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. இங்கிலாந்தில் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டாம். அதனால் யார் யார் பிடிக்கிறார்கள் என்று பட்டியல் கிடையாது. தூண்டில்காரர்களே விரும்பி எழுதும் நாட்குறிப்புகளை வைத்துத்தான் அங்கே பிடிப்பை மதிப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் சலிக்காமல் எழுதுகிறவர் பெரும்பாலும் வாரம் தவறாமல் கடலுக்குப் போகும் ஆர்வலர். ஆண்டுக்கு இரண்டு முறை பிள்ளைகளோடு வந்து கானாங்கெளுத்தி பிடிக்கிற அப்பா எழுதுவதில்லை. எழுதியவர்களின் பிடிப்பை வைத்தே எல்லோருக்கும் கணக்குப் போட்டால் கடலில் இல்லாத பிடிப்பெல்லாம் கணக்கில் ஏறிவிடும் என்பதால், வீடுவீடாகக் கேட்டு எடுத்த கணக்கெடுப்போடு வைத்து அதைச் சரிக்கட்டுகிறார்கள்.