தோலுக்கடியில் ஓர் ஓநாய்

நிலவு முழுதாய் ஏறிவிட்டது. கதாநாயகன் தன் கையைப் பார்க்கிறான். விரல் எலும்புகள் நெரிந்து நீள்கின்றன, புறங்கையில் ரோமம் முளைக்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு பத்திரமாகப் படிக்கும் நமக்குப் பிடரி மயிர் சிலிர்க்கிறது. ஓநாய் மனிதக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன என்பதை அந்தச் சிலிர்ப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன்.

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு நுண்ணிய தசை ஒட்டியிருக்கிறது. பயமோ குளிரோ வந்தால் பரிவு நரம்பு மண்டலம் அதைச் சுருக்கும், மயிர் நிமிரும். நாயைக் கண்ட பூனை சிலிர்த்துக்கொண்டு இரு மடங்காகத் தெரிவதும் இதனால்தான். உடம்பெல்லாம் ரோமம் போர்த்தித் திரிந்த மூதாதையர் நமக்கு விட்டுச்சென்றது இது. ரோமம் உதிர்ந்தபின்னும் தசை தங்கிவிட்டது. மனிதன் விலங்காக மாறும் பக்கத்தில் நம் தோலும் தன் பழைய விலங்குப் பழக்கத்தைச் செய்து பார்க்கிறது. வேறெந்தப் பேய்க்கதையிலும் கதையும் வாசகரின் உடம்பும் இவ்வளவு ஒட்டி வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

வெறும் எழுத்து உடம்பை எப்படி உலுக்குகிறது? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு அழகான விடை தருகிறது. இருட்டறையில் பயங்கரக் கதைகளைத் திரையில் படிக்கவைத்து, தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். பயத்தில் வியர்வை கசிந்தால் அந்த அளவு ஏறும். பெரும்பாலோருக்குக் கதை வளர வளர ஏறியது. மனக்கண்ணில் எதையும் கற்பனை செய்து பார்க்க இயலாத அஃபன்டேசியா உள்ளவர்களுக்கோ கிட்டத்தட்ட அசையவே இல்லை. பயங்கரப் படங்களைக் காட்டியபோது அவர்களுக்கும் ஏறியது. ஆக, நாவலில் நம்மைக் கடிக்க வரும் ஓநாயை வரைவது நாமேதான். நமக்கு எது பயமோ அதற்கேற்ற பல்லோடு.

அந்தப் படத்தைப் பார்த்து மூளையின் அமிக்டலா அபாயமணி அடிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது. இது கதைதான் என்று நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை அறிந்திருப்பதால் நாம் எழுந்து ஓடுவதில்லை. ஆனால் கிளம்பிய படபடப்பு உடனே தணியாது. டால்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் இதில்தான் இன்பத்தைக் கண்டார்: ஆபத்து விலகிய பின்னும் மிஞ்சி நிற்கும் கிளர்ச்சி, அடுத்து வரும் நிம்மதியோடு கலந்து அதைப் பெரிதாக்குகிறது என்றார்.

அளவும் முக்கியம். டென்மார்க்கில், காசு வாங்கிப் பயமுறுத்தவே அமைத்த ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி ஆராய்ந்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. மிகக் குறைந்த பயத்தில் சுவை இல்லை, மிகுந்தாலும் இல்லை, நடுவில்தான் உச்சம். புத்தகம் படிப்பவருக்கு அந்த நடுவைப் பிடிப்பது எளிது. நெஞ்சு அடைத்தால் பக்கத்தில் விரலை வைத்து மூடி, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பலாம்.

இத்தனையும் பேய்க்கும் பொருந்தும். ஓநாய் மனிதனிடம் கூடுதலாக ஒன்று உண்டு: முகம். ரோமானியக் கவிஞர் ஓவிட் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பிடித்துவிட்டார். கடவுளின் தண்டனையால் ஓநாயாகும் லைகேயன் என்ற அரசனை அவர் விவரிக்கும்போது, உடல் மாறினாலும் சிலவற்றை மாற்றாமல் விடுகிறார். அதே நரை, முகத்தில் அதே கொடூரம், கண்களில் அதே ஒளி.