கொம்பாங் வரிசையில் ஓர் இடம்

1964 ஜூலை 21 அன்று வெடித்த இனக்கலவரத்தை மறக்காமலிருக்கவே சிங்கப்பூர்ப் பள்ளிகள் ஆண்டுதோறும் அந்த நாளை இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன. சில பள்ளிகள் அதையொட்டிப் பெற்றோரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து இசை மாலை நடத்தும். கையால் தட்டும் மலாய்த் தோல் வாத்தியமான கொம்பாங், சிங்க நடன முரசு, மிருதங்கம், வயலின் எல்லாம் ஒரே மேடை ஏறும். ஒத்திகைகள் தொடங்கியதும், செவித்திறன் நிபுணரான என்னிடம் பெற்றோர் சிலர் கவலையோடு வருவார்கள். "காதுல மெஷின் போட்ட பிள்ளைய இதுல சேர்க்கலாமா மேடம்? ஓரமா உட்கார வச்சிக்கலாம்னு டீச்சர் சொல்றாங்க."

சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். நான்கு இனத்துக்கும் இடம் ஒதுக்கும் மேடை, வேறு விதமாகக் கேட்கும் பிள்ளையை மட்டும் எப்படி ஓரத்தில் வைக்கும்? எதில் சேர்ப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை தேவை.

இயல்பான உட்செவியில் ஒலியைப் பிரித்து நரம்புக்கு அனுப்ப ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது அறுவை சிகிச்சையால் உட்செவியில் வைக்கும் மின்கருவி, பொருத்திய காதில் அந்த வேலையைச் செய்பவை 12 முதல் 22 மின்முனைகள். பேச்சு புரிய அது பெரும்பாலும் போதும். ஆனால் சுருதியின் நுட்பமான ஏற்ற இறக்கத்தைக் காட்டப் போதாது. அதனால் மெட்டு கலங்கிக் கேட்கும். தாளம் அப்படியல்ல. அடி எப்போது விழுகிறது என்பதை இம்பிளாண்ட் நன்றாகவே கடத்தும். சேர்ந்திசையில் தடுமாறும் பிள்ளை கொம்பாங் வரிசையில் மற்றவர்களோடு சரிக்குச் சரி நிற்கலாம். கொம்பாங்கில் எல்லோரும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஒரு குழு விட்ட இடைவெளியில் இன்னொரு குழுவின் அடி விழுந்து தாளம் பின்னிக்கொள்ளும். தன் பகுதியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் கையையும் பார்த்தபடி வாசிக்கலாம். அதற்காக, பாட ஆசைப்படும் பிள்ளையைத் தடுத்துவிடாதீர்கள். சுருதி சேராவிட்டாலும் பாடுவதில் உள்ள சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கும் உரியது.

காது கேட்கும் கருவி அணியும் பிள்ளைகளின் சிக்கல் வேறு. இந்தக் கருவிகள் முதன்மையாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒலிக்கும் தம்புராவை இரைச்சல் என்றெண்ணிக் குறைத்துவிடும். புல்லாங்குழலின் நீண்ட சுரத்தைக் கருவியே எழுப்பும் கீச்சொலி என்று நினைத்து அதை அடக்கப் பார்க்கும். அப்போது சுரம் நடுங்கிக் கேட்கும். பிள்ளைக்கு இசை பிடிக்கவில்லை என்று முடிவுகட்டும் முன், இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரும்படி உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். பழக நாள் வேண்டும், ஆகவே ஒத்திகை தொடங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பள்ளி செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவைக்குச் செலவே இல்லை. பாடல் வரிகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பலாம். அன்று திரையிலும் காட்டலாம். மற்ற மொழிப் பாடலை முதன்முறை கேட்கும் தாத்தா பாட்டிக்கும் அது உதவும். "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே எட்டும்" என்று சொல்லும் அறிவிப்பாளர் கையிலும் மைக்கைக் கொடுங்கள். தொலை மைக் (பேசுபவரின் குரலை நேரே பிள்ளையின் கருவிக்கு அனுப்பும் மைக்) பயன்படுத்தும் பிள்ளை இருந்தால், ஒலி மேசையிலிருந்து நேரடி இணைப்புத் தர முடியுமா என்று ஒலியமைப்பாளரிடம் பேசுங்கள்.

சத்தத்தைப் பற்றி நான் ஒவ்வோர் ஆண்டும் வலியுறுத்துகிறேன். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபெல் ஒலியைப் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அந்த அளவு 75 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லை எட்டினால் பெரியவர்களுக்கே வாரத்துக்குச் சுமார் 20 நிமிடம், பிள்ளைகளுக்குச் சில நிமிடங்களே. மூடிய மண்டபத்தில் சிங்க நடன முரசும் கைத்தாளமும் ஒன்றுசேர்ந்தால் அருகிலிருப்போருக்கு அந்த அளவு எளிதில் வந்துவிடும். நாமோ மிகச் சிறிய பிள்ளைகளைத்தான் முன்வரிசைத் தரையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறோம்! தயவுசெய்து அவர்களைப் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள். சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளுக்குக் காதுமூடியும், வெளியே சென்று அமர ஓர் அமைதியான அறையும் தயாராக இருக்கட்டும்.

நிகழ்ச்சிக்குப் பிறகு காதில் ரீங்காரம் கேட்பதாகப் பிள்ளை சொன்னால் அலட்சியம் வேண்டாம். மறுநாளும் அது நீடித்தால் செவிப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.